கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வேலைக்குச் சேருகிறீர்களா? ஆட்களோடு பழகவும் பேசவும் ஒரு வழிகாட்டி

முதல் மாதத்தில் புதியவர்கள் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை தெரியாததாக இருக்காது. அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராது. "போலே, போலே" (முடியும், முடியும்) என்று தலையாட்டியவர் கையே வைத்திருக்க மாட்டார். ஒரு கையெழுத்துக்காக மூன்று நாளாகக் கிடக்கும் பாரத்தை (படிவத்தை) பக்கத்து மேசைக்காரர் எடுத்துப்போய்ப் பத்தே நிமிடத்தில் வாங்கி வந்துவிடுவார். விசாரித்தால், கையெழுத்துப் போடுபவரும் அவரும் தினமும் சேர்ந்து பசியாறுகிறவர்களாக இருப்பார்கள்.

இங்குள்ள வேலையிடங்களில் பழக்கம் முன்னே போகும், தாள் பின்னே வரும். அதற்காகப் பழக்கத்தையே நம்பித் தாளை விட்டுவிட்டால், ஆள் மாறும் அன்று கையில் எதுவும் இருக்காது. தேவை வருவதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும், பழகிய பிறகும் பேசியதை எழுதி வைக்க வேண்டும். தோட்டப்புறத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வருகிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியோடு வருகிறவர்கள் ஆகிய இரு சாராரையும் மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

1. சேருவதற்கு முன்: பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நியமனக் கடிதத்திலும் மின்னஞ்சல்களிலும் வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரையும் எப்படிக் கூப்பிடுவது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பெயரைத் தப்பாகச் சொன்னால் யாரும் திருத்தமாட்டார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களும் வருடக்கணக்கில் தப்பாகவே கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மலாய்க்காரர் பெயரில் 'பின்', 'பிந்தி' இவற்றுக்குப் பின்னால் வருவது அப்பா பெயர். அஸ்மான் பின் இட்ரிஸ் என்பவர் என்சிக் (திரு) அஸ்மான். அவரை 'மிஸ்டர் இட்ரிஸ்' என்றால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். 'முகமட்', 'நூர்', 'சித்தி' என்று தொடங்கும் பெயர்களில் பெரும்பாலும் அடுத்து வருவதுதான் கூப்பிடும் பெயர். சந்தேகம் என்றால் நேராகக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். லிம் மெய் லிங் என்பவர் முதலில் மிஸ் லிம், பழகிய பிறகு மெய் லிங். வெறும் 'லிங்' என்று வெட்டிவிடாதீர்கள்.

நம் பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. கணினிப் படிவங்களில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் மேலாளர் உங்களை அப்பா பெயரால் அழைத்து மின்னஞ்சல் எழுதுவார். முதல் நாளே ஐடி பிரிவிடம் சொல்லி, திரையில் தெரியும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சலின் அடியில் கூப்பிடும் பெயரை மட்டும் தனியே போடுங்கள்.

பட்டம் உள்ளவர்களிடம் கவனம் தேவை. டத்தோ, டான்ஸ்ரீ பட்டம் பெற்றவர்களைப் பட்டத்தால்தான் அழைப்பார்கள், பெயரே வேண்டியதில்லை. அரசாங்க அலுவலகங்களில் ஆண்களைத் துவான், பெண்களைப் புவான் என்று தொடங்கினால் தப்பு வராது. பன்னாட்டு நிறுவனங்களில் தலைமை நிர்வாகியையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே 'சார், சார்' என்று தொடர்ந்தால் எதிரில் இருப்பவர்தான் நெளிவார். சீனக் குடும்பங்கள் நடத்தும் சிறு நிறுவனங்களில் 'பொஸ்' என்றே போதும். வயதில் மூத்த மலாய்ப் பெண் ஊழியரை 'காக்' என்றும் ஆணை 'அபாங்' என்றும் பெயரோடு சேர்த்து அழைக்கலாம், ஆனால் மற்றவர்கள் அப்படி அழைப்பதைக் கேட்ட பிறகு. மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண்மணியை 'ஆன்ட்டி' என்று அழைத்தால் உங்கள் பாரம் அடியில் போய்விடும்.

கைகுலுக்குவதில் ஒரே விதி: எதிர்ப்பாலினத்தவரானால் அவர் கை நீட்டும் வரை காத்திருங்கள். நீட்டவில்லையென்றால் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையசையுங்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலக்கையால்.

2. முதல் வாரம்: யார் கையில் எது இருக்கிறது

நிறுவனத்தின் பதவி அட்டவணை சுவரில் தொங்கும். அதில் இல்லாத இன்னொரு அட்டவணையை நீங்களே எழுத வேண்டும். வரவேற்பு மேசை, கணக்குப் பிரிவுக் கிராணி, ஐடி, ஸ்டோர், பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர் என்று ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் குறித்தால் போதும்: பெயர், அவரிடம் இருப்பது என்ன, உங்களிடமிருந்து அவருக்கு வேண்டியது என்ன.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. அதனால் மாதக் கடைசியில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த வாரத்தில் பயணச் செலவு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. மாத நடுவில், ரசீதுகளைத் தேதி வாரியாக ஒட்டி, மொத்தத்தைக் கூட்டி எழுதிக் கொண்டுபோங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் மூன்றாவது மாதம் ஒரு ரசீது தொலைந்தாலும் என்ன செய்யலாம் என்று அவரே வழி சொல்லிக்கொடுப்பார்.

பாதுகாவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தினம் ஒரு வணக்கம். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் மடிக்கணினியை விட்டு வந்தது நினைவுக்கு வரும்போது கதவைத் திறப்பவர் அவர்தான். காரியத்துக்காக வணங்குவது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்பதால், முதல் நாளே தொடங்குவது நல்லது.

3. பசியாறும் நேரத்தை வீணாக்காதீர்கள்

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மேசையிலேயே சாப்பிடுவது, புதியவர் செய்யக்கூடிய காரியங்களில் மிகவும் நட்டம் தருவது. வாரத்தில் மூன்று நாளாவது யாரோடாவது போங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆளோடு போகாமல், ஒரு நாள் உங்கள் பிரிவு, ஒரு நாள் வேறு பிரிவு, ஒரு நாள் எந்தக் கூட்டம் கூப்பிடுகிறதோ அது. "ஜோம் மினும்" (வாங்க, தேநீர் குடிக்கலாம்) என்று ஒருவர் அழைத்து நீங்கள் இரண்டு தடவை மறுத்தால் மூன்றாவது தடவை அழைக்கமாட்டார். வேலை நெருக்கடியாக இருந்தால், "இன்றைக்கு முடியாது, நாளைக்கு நான் வருகிறேன்" என்று நாளையும் சேர்த்துச் சொல்லி, மறுநாள் நீங்களே போய் அழையுங்கள்.

மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் தே தாரேக் எனும் பால் தேநீர் குடிக்கும்போது காசை யார் கொடுப்பது என்று பெரிதாக இழுக்க வேண்டாம். ஒரு தடவை அவர், மறுதடவை நீங்கள். ஒருவரே தொடர்ந்து கொடுக்கும்படி விட்டால் அது பேச்சாகிவிடும், ஐந்து வெள்ளி (ரிங்கிட்) விஷயம் என்றாலும்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள், சொல்லியும் வையுங்கள். ஹலால் அல்லாத உணவைப் பொது மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, பொதுக் குளிர்ப்பெட்டியிலும் வைக்கக் கூடாது. பிறந்தநாள் கேக் வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தரும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனர் பலரும் தொடமாட்டார்கள். புரட்டாசியில் சைவம் என்றால் விருந்துக்கு இடம் பார்க்கும் முன்பே சொல்லுங்கள். தட்டு வந்த பிறகு சொன்னால் ஏற்பாடு செய்தவருக்குத்தான் தர்மசங்கடம். நோன்பு மாதத்தில் ஒருவர் நோன்பு வைக்கவில்லையென்று தெரிந்தால் காரணம் கேட்காதீர்கள்.

4. எந்த மொழியில் பேசுவது

கோலாலம்பூரில் சீன நண்பர்களிடையே கண்டனீஸ் ஓடும், பினாங்கில் ஹொக்கியன். மலாய் எல்லாரையும் சேர்க்கும். ஆங்கிலத்தில் திறமை இருந்தாலும், தொழில்நுட்பரிடமும் ஸ்டோர்காரரிடமும் மலாயில் ஆரம்பியுங்கள், இலக்கணப் பிழை ஆயிரம் இருந்தாலும். "தோலோங்" (தயவுசெய்து) என்று தொடங்கி "போலே தக்?" (முடியுமா?) என்று முடித்தால் கட்டளை கோரிக்கையாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் மூன்று மாதத்தில் ஐம்பது அறுபது மலாய்ச் சொற்களைக் கற்றுக்கொண்டால் அதுவே பெரிய முதலீடு. பினாங்கில் "சியாக் பா போய்?" (சாப்பிட்டாச்சா?) என்று ஹொக்கியனில் ஒருநாள் கேட்டுப்பாருங்கள், அந்த மேசையே திரும்பும்.

தமிழர்கள் நான்கு பேர் ஒரே பிரிவில் இருந்தால் வேறு ஒரு சிக்கல் வருகிறது. ஐந்தாவதாக ஒரு மலாய்க்காரரோ சீனரோ நிற்கும்போது தமிழிலேயே பேச்சு தொடரும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் நினைப்பார், அதிலும் நடுவில் அவர் பெயர் அடிபட்டால். மூன்றாம் ஆள் வந்ததும் மொழியை மாற்றுங்கள். அவசரமாகத் தமிழில் சொல்லியாக வேண்டியது என்றால், என்ன பேசினோம் என்பதை அவருக்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்த் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் சேரும் இடத்தில் இரு பக்கமும் தவறுகள் நடக்கின்றன. இங்கே நான்கு தலைமுறையாக இருப்பவரிடம் "நீங்க இந்தியாவில் எந்த ஊரு?" என்பது நல்ல தொடக்கம் இல்லை. ஊரைக் கேட்டு அங்கிருந்து சாதிக்குப் போகும் வழியும் எல்லாருக்கும் புரியும். அதைக் கேட்கவே வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் புதியவரின் ஆங்கில உச்சரிப்பைக் கூட்டத்தின் நடுவில் நடித்துக் காட்டுவதும் இதே வகை. தேநீர் வேளையில் 'அண்ணே', 'அக்கா' சரிதான். கூட்டத்தில் அதே ஆளைப் பெயரால் அழையுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் அதை ஒரு கட்சியாகப் பார்ப்பார்கள்.

5. ஒன்றைக் கேட்கும் முறை

கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் ஆளைப் பாருங்கள். சாப்பிட்டாரா, கையில் வேலை இருக்கிறதா, வெள்ளிக்கிழமையா? வெள்ளியன்று தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும், பல இடங்களில் ஏறக்குறைய 12.30இலிருந்து 2.45 வரை. அந்த நேரத்துக்குள் கூட்டம் வைப்பதோ, 12.20க்கு ஓடிப்போய் அவசரம் என்று நிற்பதோ வேண்டாம். பினாங்கிலிருந்து கெடாவோடு வேலை இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த மாநில அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்.

கேட்கும்போது நான்கு செய்தி இருக்க வேண்டும்: எதற்காக, என்ன வேண்டும், எப்போதைக்குள், தாமதமானால் யாருக்கு என்ன ஆகும். நான்காவது இல்லாததால்தான் பல கோரிக்கைகள் கிடப்பில் விழுகின்றன. "இந்த அறிக்கையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றால் அது அடுத்த வாரத்துக்குப் போகும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"காக் ஐசா, புதன்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். மூன்றாம் பக்கத்தில் உள்ள விலைப் பட்டியல் மட்டும் சரியா என்று பார்க்க முடியுமா? பத்து நிமிட வேலை. செவ்வாய் மாலைக்குள் கிடைத்தால் நான் அச்சடித்துவிடுவேன். தாமதமானால் பழைய விலையையே காட்ட வேண்டியிருக்கும்."

இருபது பக்கத்தையும் பார்க்கச் சொல்லாமல் ஒரு பக்கத்தைக் குறித்துக் கேட்டதால்தான் இது நகரும். முதல் முறை கேட்பது நேரில், நினைவூட்டுவது வாட்ஸ்அப்பில். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது முகமே தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, வராததற்கு நேரில் போய் நின்றால், அது சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும்.

6. 'முடியும்' என்பதைச் சரியாகக் கேட்பது

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். இங்கே முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வது குறைவு, எதிரில் இருப்பவரின் முகத்தைக் கெடுக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் மறுப்பு வேறு உடையில் வரும்: "நாந்தி சாயா தெங்கோக்" (பிறகு பார்க்கிறேன்), "சீ ஹவ் லா" (பார்க்கலாம்), "டிரை பண்றேன்", ஒரு நீண்ட "ஹ்ம்ம்", பேச்சை வேறு பக்கம் திருப்புவது, சிரிப்பு. "கேன், கேன்" என்று இரண்டு தடவை வேகமாகச் சொன்னால், உங்களை அனுப்பிவைக்கிறார் என்றும் இருக்கலாம்.

'இன்ஷா அல்லாஹ்' என்பதை மட்டும் மறுப்பென்று முடிவுகட்டாதீர்கள். பலர் அதை முழு மனத்தோடு, உறுதியாகவே சொல்கிறார்கள். சொல்லை வைத்து முடிவுசெய்யாமல், அதோடு விவரம் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

சோதிக்கும் வழி எளிது. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். "வியாழக்கிழமை முடியுமா?" என்றால் "முடியும்" என்றுதான் வரும். "வியாழனா, திங்களா, எது உங்களுக்கு வசதி?" "இப்போ இது யார் கையில் இருக்கிறது?" "இதற்கு முன்னால் முடிக்க வேண்டியது என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். தேதியும் ஆள் பெயரும் வந்தால் அது சம்மதம். இரண்டும் வராவிட்டால் வேலை நடக்காது என்று எடுத்துக்கொண்டு, "என்ன தடை, நான் ஏதாவது செய்யலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் மேலாளர் வேறு வேலை கொடுத்திருப்பார், அல்லது எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கும். இரண்டையும் பத்துப் பேர் நடுவில் சொல்லமாட்டார்.

நீங்களும் இதே வலையில் விழுவீர்கள். புதிதாக வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு வேலையோடு உட்கார்ந்திருப்பார். மறுக்க வேண்டுமானால் இப்படி: "கையில் இந்த இரண்டு வேலை இருக்கிறது. மூன்றாவதை எடுத்தால் எதைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்." முடிவு மேலாளரிடம் போய்விட்டது, நீங்கள் மறுத்ததாகவும் ஆகவில்லை.

7. பேசியதை எழுதி வைப்பது

வாய்ப்பேச்சில் முடிவான எதையும் அன்றைக்கே இரண்டு வரியில் அனுப்புங்கள். "இன்று பேசியபடி, பட்டியலை நீங்கள் செவ்வாய்க்குள் பார்க்கிறீர்கள், நான் புதன் காலை அச்சடிக்கிறேன். தவறியிருந்தால் சொல்லுங்கள்." அவ்வளவுதான். இதைச் சந்தேகத்தில் அனுப்புவதாக யாரும் நினைக்காமலிருக்க, சின்ன விஷயங்களிலும் முதல் வாரத்திலிருந்தே இதைப் பழக்கமாக்கிவிடுங்கள். சண்டை வந்த பிறகு திடீரென்று எழுத ஆரம்பித்தால்தான் உறுத்தும்.

வாட்ஸ்அப் குழுக்கள் பற்றிக் கொஞ்சம். ஒரு செய்தியைப் பத்துத் துண்டாக உடைத்து அனுப்பாதீர்கள். குரல் பதிவைக் கூட்டத்தில் இருப்பவர் கேட்க முடியாது. ஒருவர் செய்த பிழையைக் குழுவில் சுட்டாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள். பாராட்டு என்றால் குழுவில். கட்டைவிரல் குறி 'பார்த்தேன்' என்பதற்குமேல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் தோன்றியதை எழுதி வைத்துக் காலையில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் மேலாளரின் மேலாளரை நகலில் சேர்ப்பது இங்கே புகார் கொடுப்பதற்குச் சமமாகப் பார்க்கப்படும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால், சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. கெட்ட செய்தியும் கருத்து வேறுபாடும்

தாமதம், பிழை, இழப்பு எதுவானாலும் மேலாளர் உங்கள் வாயிலிருந்துதான் முதலில் கேட்க வேண்டும். தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்: என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள். யார் காரணம் என்பதை அவர் கேட்டால் மட்டும். முழு விவரமும் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதற்குள் வேறொருவர் சொல்லியிருப்பார்.

மேலாளர் சொன்னது தவறு என்று தோன்றினால் கூட்டத்தில் மறுக்க வேண்டாம். முடிந்ததும் அன்றைக்கே தனியாகப் போய், எண்களோடும் வேறொரு வழியோடும் கேள்வியாகக் கேளுங்கள். "அந்த அளவுக்கு ஸ்டோரில் சரக்கு இல்லை போலிருக்கிறதே, பாதியாக அனுப்பலாமா?" முக்கியமான யோசனை கூட்டத்தில் நிறைவேற வேண்டுமானால், முதல் நாளே இரண்டு மூன்று பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்டுவிடுங்கள். கூட்டம் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதை அறிவிக்கும் இடம்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த மரியாதை எதுவும் பொருந்தாது. இயந்திரத்தில் கை போகிறது, கம்பி திறந்து கிடக்கிறது என்றால் எதிரில் டத்தோவே நின்றாலும் சத்தமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

9. தொழிற்சாலையில்: ஷிப்ட் ஒப்படைப்பு

1972ஆம் ஆண்டில் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் சேருகிறவர்களுக்கு இது தனிப் பாடம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகளில் உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவரை நீங்கள் பார்ப்பது சில நிமிடங்கள்தான். தூய்மை அறைக்குள் உடலும் முகமும் மூடியிருக்கும், கண்ணும் பெயர் அட்டையும் மட்டுமே தெரியும். அந்தச் சில நிமிடத்தில் எல்லாம் போய்ச் சேர வேண்டும்.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். இயந்திரத்தின் முன்னால் நின்று ஒப்படையுங்கள், லாக்கர் பக்கத்தில் நின்று அல்ல. இயந்திர எண், லாட் (ஒரே தொகுதியாக ஓடும் சரக்கு) எண், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த அலாரம் எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்து பார்த்தீர்கள், எது பலிக்கவில்லை, யாரிடம் சொல்லியிருக்கிறது, எதைத் தொடக் கூடாது. பெரும்பாலும் விட்டுப்போவது 'எது பலிக்கவில்லை' என்பது. அது தெரியாததால் அடுத்த ஷிப்ட்காரர் அதே பாகத்தை மறுபடியும் கழற்றி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார், அந்தக் கோபம் நேராக உங்கள் மேல் வரும். வாங்குகிறவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஹோல்டில் இருக்கும், அதாவது நிறுத்தி வைக்கப்பட்ட, லாட்டைப் பற்றி வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகவே கூடாது.

முந்திய ஷிப்ட் குப்பையாக விட்டுப் போயிருந்தால், லைன் லீடரிடம் போவதற்கு முன் ஒரு தடவை அவரிடமே கேளுங்கள். இடைவேளையைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பார். ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்குமேல் குறைந்தது முப்பது நிமிட ஓய்வில்லாமல் யாரையும் வைக்கக் கூடாது என்பதும் வேலைச் சட்டத்தில் இருக்கிறது.

10. விடுப்பும் பண்டிகையும்

உடம்பு சரியில்லையென்றால் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் போதாது. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதியின்றி வராதவராகக் கணக்கு. முன்அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்குமேல் வராமல், தகுந்த காரணம் இல்லாமலோ, அதைச் சொல்லவோ சொல்ல முயலவோ செய்யாமலோ இருந்தால் ஒப்பந்தத்தையே முறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே சூப்பர்வைசருக்கு அழையுங்கள். எடுக்கவில்லையென்றால் செய்தி அனுப்புங்கள். அந்த அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள்.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னும் பின்னும் விடுப்பு வேண்டுமா? நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மற்றவர்களுக்காக வேலையை ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் அது சுலபமாகக் கிடைக்கும். "ராயாவுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், தீபாவளிக்கு நீங்கள்" என்று பேசிவைப்பது இங்கே பழகிப்போன கொடுக்கல் வாங்கல். சட்டப்படி முதலாளி தர வேண்டிய பொது விடுமுறை பதினொன்று. அதில் ஐந்து கட்டாயம். மீதி ஆறு எவை என்பதை ஆண்டு தொடங்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தைப்பூசம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பார்த்துவிடுங்கள்.

பண்டிகைக்கு முறுக்கு கொண்டுபோனால் எல்லா மேசைக்கும் போகட்டும். அங்பாவ் (சீனர் தரும் சிவப்புப் பண உறை) கிடைத்தால் இரு கையால் வாங்குங்கள், கொடுத்தவர் முன்னால் பிரிக்க வேண்டாம்.

11. உறவு கெட்டுப்போனால்

முதலில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். பிறகு, பயமில்லாத சூழ்நிலையானால் ஒரு தடவை தனியாகப் பேசுங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "திங்கட்கிழமை கூட்டத்தில் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது" என்று ஒரே சம்பவத்தைப் பற்றி மட்டும். பலிக்கவில்லையென்றால் இருவரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், அதற்கும் பிறகு மேலாளர், மனிதவளப் பிரிவு. மூத்தவர் வழியாகப் போவதைப் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான மனஸ்தாபங்கள் இங்கே அப்படித்தான் தீர்கின்றன.

பாலியல் தொல்லையில் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. தனியாகப் பேசிப் பார்க்கவும் வேண்டாம். நேரே எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இது பற்றிய அறிவிப்பை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் திருத்தம். முதலாளி அசையவில்லையென்றால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக நினைத்தால் தொழில் உறவுத் துறையில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று யாராவது இழுத்தடித்தாலும் அந்தக் கெடு நிற்காது.

12. வேலையை விடும்போது

கோபத்தில் வாட்ஸ்அப்பில் ராஜினாமா செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை வாரம் என்று பாருங்கள். எதுவும் எழுதப்படாவிட்டால், சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்குமேல் எட்டு வாரம். கடிதம் கொடுக்கும் முன் மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள், அவர் வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. பாயான் லெப்பாஸில் இன்று உங்களோடு வேலை பார்ப்பவர் அடுத்த ஆண்டு எதிர்ப்புறத் தொழிற்சாலையில் உங்களை நேர்காணல் செய்பவராக இருக்கக்கூடும்.

உங்கள் இடத்துக்கு வருபவரிடம் கோப்புகளோடு அந்த இரண்டாவது அட்டவணையையும் கொடுங்கள்: எந்த வேலைக்கு யாரைக் கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது, யாருக்கு எந்தப் பெயர் பிடிக்கும். முடிந்தால் கடைசி வாரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். கணக்குப் பிரிவுக்கு மட்டும் மாத நடுவில் போங்கள்.